இன்னும் ஒரு அரைச் சுற்று

போல்ட் இறுக்குகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. இறுகியதும் கையை எடுத்துவிடுகிறவர்கள் ஒன்று. இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இவர்களுடைய வண்டி ஓடும், குழாய் மூடும், படுத்ததும் தூக்கம் வந்துவிடும். இறுகிய பிறகும் “எதுக்கும் இருக்கட்டும்” என்று இன்னும் ஒரு அரைச் சுற்று கொடுக்கிறவர்கள் இன்னொன்று. இவர்களுக்கு அரைச்சுற்று ஆசாமிகள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவில் கட்டாயம் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், எங்கள் தெருவிலிருந்து ஒருவரைத் தாராளமாகத் தரலாம்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். அவர் மூடிய ஜாடியை இன்னொருவர் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் மூடிய குழாயில் வாஷர் தங்காது. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படி இறங்கி, மனசு கேட்காமல் ஏறி வந்து மறுபடி இழுத்து, அந்த இழுப்பில் நாதாங்கியே கையோடு வந்துவிட, “நல்லவேளை, பார்த்தேன்” என்று பெருமூச்சு விடுவார். போனில் “சரி, வச்சிடறேன்” என்று சொல்லிவிட்டு “அப்புறம்...” என்று ஆரம்பிப்பார். ஒருவர் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தால் போய்ப் பார்த்து, “எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க” என்று அருமையாகச் சொல்வார். அதோடு எழுந்து வந்தால் என்ன? வர மாட்டார். “எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்பார்.

கெட்டவரா என்றால் கிடையாது. பயந்த மனிதர். விட்டுவிட்டால் கழன்றுவிடும் என்கிற பயம். நாம் பார்க்கப்போகிற ஆசாமிக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. ஆக, எதுக்கும் இருக்கட்டும் என்பதற்கு மாதச் சம்பளமே வாங்குகிறவர்.

அவர் மனைவிக்கு வங்கியில் பதவி உயர்வு வந்தது. பக்கத்து ஊர்க் கிளைக்கு மேலாளர். திங்கட்கிழமை முதல் நாள். அந்த ஊருக்கு நேர் பஸ் இல்லை, காரில்தான் போக வேண்டும். அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றது நாற்பது வயதுக்கு மேல். இதுவரை தனியாக ஓட்டியதில்லை; பக்கத்து சீட்டில் கணவர் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வருவார். இந்த முறை தனியாகத்தான் போவேன் என்று அவள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பாதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

சனிக்கிழமை காலை, காருக்கு அடியில் தரையில் ஆயில் பொட்டு. நம்மவர் குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

“வால்வ் மூடியில இருந்து கசியுது.”

“சொட்டுதானே? திங்கக்கிழமை போயிட்டு வந்துடறேன், அப்புறம் மெக்கானிக்கிட்ட விடலாம். நீங்க கை வைக்காதீங்க.”

“கை எங்க வச்சேன்? சும்மா டைட் பண்றேன்.”

சும்மா என்கிற சொல்லைக் கேட்டால் மனைவிமார்கள் ஜாக்கிரதையாக வேண்டும். அவள் ஆனாள். “அந்த க்ளிக் ஸ்பேனரை எடுத்துக்கோங்க” என்றாள்.

க்ளிக் ஸ்பேனர் என்பது, வேண்டிய அளவு இறுகியதும் ‘க்ளிக்’ என்று சத்தம் கொடுக்கிற ஒரு நீளமான ஸ்பேனர். கணவரின் பிறந்தநாளுக்கு அவளே யோசித்து வாங்கிக் கொடுத்தது. க்ளிக் என்றால் போதும் என்று பொருள், மற்றவர்களுக்கு. அரைச்சுற்று ஆசாமிக்கு அது ஸ்பேனரின் சொந்த அபிப்பிராயம். கேட்டுக்கொள்வார், மரியாதை தெரிந்தவர். கேட்டுக்கொண்டு, அதை ஓரமாக வைத்துவிட்டு, பழைய ஸ்பேனரை எடுத்து ஒரு அரைச் சுற்று கொடுப்பார்.

கொடுத்தார். மூடியின் போல்ட் இரும்பு; அது போய் உட்காரும் இன்ஜின் தலையோ அலுமினியம், சாது. முதலில் கனமாகச் சுற்றியது. பிறகு இன்னும் கனமாக. பிறகு திடீரென்று, ரொம்ப லேசாக. அந்த லேசு என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே எடுத்தால் அதன் மேல் அலுமினிய மரை முழுசும் தலைமுடி மாதிரி சுருண்டு ஒட்டிக்கொண்டு வந்தது.

வாசலிலிருந்து மாடிக்குக் குரல் கொடுத்தார். “மரை கழண்டுடுச்சு.”

“அது தெரிஞ்சதுதானே. இப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?”

விஷயம் புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. கீழே வந்து, அந்தப் போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, “நான் தனியா போகக் கூடாதுன்னு இருக்கு போல” என்றாள். திட்டியிருந்தால் நம்மவர் தாங்கியிருப்பார். மெக்கானிக்கோ குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார்.

உதிரிபாகக் கடைக்காரர் விவரம் கேட்டார். “டைட் வச்சீங்களா சார்?”

“லேசா.”

“எல்லாரும் லேசாத்தான் வைக்கறாங்க” என்று ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். தேடவில்லை, கை எட்டும் இடத்திலேயே அடுக்கி வைத்திருந்தார். உள்ளே ஒரு டிரில் முனை, புது மரை வெட்டுகிற ஒரு டாப், ஸ்பிரிங் போல் கம்பிச் சுருள்கள். ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதில் சுருளை ஏற்றினால் பழைய போல்ட்டே உட்காரும்.

“இவ்வளவு சுருள் எதுக்கு? கெட்டது ஒண்ணுதான்.”

“இருக்கட்டும் சார். இல்லேன்னா மறுபடி வரணும் பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. மூடியைக் கழற்றி, தூள் உள்ளே விழாமல் இன்ஜினைத் துணியால் போர்த்தி, ஆழம் தாண்டாமலிருக்க டிரில் முனையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, தூளைப் பிடிக்க அதில் கிரீஸ் தடவி, துளை போட்டார். அதுவரை பழுதில்லை. மரை வெட்டும்போதுதான் வந்தது வினை. டாப்பை முன்னால் அரைச் சுற்று சுற்றினால், பின்னால் கால் சுற்று திருப்ப வேண்டும். அப்போதுதான் சீவல் உடைந்து விழும், இல்லையென்றால் டாப் சிக்கி உடையும் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. பின்னால் திருப்புவதா? இந்த இனத்துக்கு அந்தத் திசையே தெரியாது. ஒவ்வொரு முறையும் சுற்றியதைத் திருப்பும்போது, சம்பாதித்த சொத்தை எழுதிக் கொடுப்பவர் முகம் அவருக்கு. ஆனால் திருப்பினார். படியில் உட்கார்ந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள், திருப்பித்தான் ஆக வேண்டும்.

தூளைத் துடைத்தெடுத்து, சுருளை ஏற்றி, அதன் நுனியில் நீட்டிக்கொண்டிருந்த வாலை ஒடித்து எடுத்து, மூடியைப் போட்டு, போல்ட்டைக் கையால் ஓட்டினார். வெண்ணெய் மாதிரி இறங்கியது. க்ளிக் ஸ்பேனரைப் போட்டார்.

க்ளிக்.

கை பழைய ஸ்பேனர் பக்கம் போனது.

“சத்தம் வந்துச்சா?” என்றாள் மனைவி.

“வந்துச்சு.”

“அப்ப எழுந்து வாங்க.”

எழுந்து வந்தார். அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வண்டியை ஸ்டார்ட் செய்து வெகுநேரம் ஓட விட்டார்கள். தரையில் ஒரு பொட்டு இல்லை. அன்று முழுக்க அவர் அந்தப் போல்ட்டைத் தொடவில்லை என்றால் நம்புவீர்களா? தொடவில்லை. பெரிய மனிதர்தான்.

திங்கட்கிழமை காலை அவள் புதுப் புடவையில் வண்டியில் ஏறி, பெல்ட் போட்டு, கண்ணாடி சரிசெய்து, சாவியைத் திருகினாள். இன்ஜின் சமர்த்தாக எழுந்தது. ஸ்டியரிங்கை அவள் இறுக்கிப் பிடித்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

“நல்லா பண்ணியிருக்கீங்க. உங்களாலதான் இன்னைக்கு நான் தனியா போறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதுதான் பெரியது. நெஞ்சு நிறைந்துவிட்டது. குனிந்து, “நீ நல்லா ஓட்டுவ. தைரியமா போயிட்டு வா” என்றார். மனசார, சரியான அளவில் சொன்ன வார்த்தை. அவள் முகம் மலர்ந்தது, பிடி தளர்ந்தது. கியரில் கை வைத்தாள்.

அங்கே க்ளிக் என்று ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை.

“பாலத்துல மட்டும் பார்த்துக்கோ” என்றார். “அன்னைக்கு லாரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கிட்டியே, அந்த மாதிரி எதுவும் பண்ணிடாத.”

அவள் கை கியரிலேயே இருந்தது. பிறகு இன்ஜினை நிறுத்தி, இறங்கி, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தெருமுனைக்கு நடந்து ஒரு டாக்சியை நிறுத்தி ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள், மெதுவாக, ஒரே ஒரு தடவை.

நம்மவர் அப்படியே நின்றார். தப்பு புரிந்தது. அவளைத் தனியாக அனுப்பத்தான் இரண்டு நாள் எண்ணெயில் குளித்தோம் என்பதும், அனுப்ப முடியாமல் செய்தது தான்தான் என்பதும் புரிந்தது. டாக்சி போன திசையையே பார்த்தார். போன் செய்து மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டுவிட்டு அத்தோடு வைக்க முடியுமா என்று யோசித்தார். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கார் பானெட்டைத் திறந்து பழைய ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

கதை இங்கே முடிந்துவிட்டது. நீங்கள்தான் இதற்குக் கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று படித்துக்கொண்டு வருகிறீர்கள்.