லேப்டாப்பில் ஆறு ஜிபி மிச்சம் பிடித்த கதை

யாரும் கேட்காமல் நான் செய்த உதவி எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கம்ப்யூட்டரோடு எனக்குத் தலையசைக்கும் அளவுக்குத்தான் பழக்கம்.

வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வைத்திருந்தோம். அழைப்பிதழில் உறவினர் பெயர்களைப் போடும் வேலை என் மனைவி மல்லிகாவுடையது. லேசான வேலை இல்லை அது. அவள் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயருக்குக் கீழே தன் பெயர் வந்துவிட்டதென்று, அவளுடைய கீழ்பென்னாத்தூர் பெரியப்பா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். (அன்றைக்கு வடை வேறு அருமை.) அதனால் மல்லிகா மூன்று நாள் போனிலேயே பஞ்சாயத்து பேசி, அறுபத்திரண்டு பெயர்களை வரிசைப்படுத்தி, எங்கள் பழைய லேப்டாப்பில் நோட்பேடில் அடித்து வைத்திருந்தாள்.

அடித்தாளே தவிர, சேமிக்கவில்லை. வேலை முடிந்ததும் மூடியைச் சாத்திவிடுவாள். மறுநாள் திறந்தால் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும்.

"லேப்டாப் ரொம்ப மெதுவா போவுதுங்க" என்றாள். எனக்கு அது போதாதா? ஒரு வீடியோ பார்த்தேன். டிஸ்க்கில் இடம் நிரம்பிவிட்டதாம். ஹைபர்நேஷன் என்று ஏதோ ஒன்று இருக்கிறதாம், அதை நிறுத்தினால் ஆறு ஜிபி மிச்சமாகுமாம். அதில் சொன்ன ஒரு வரியைக் கறுப்புத் திரையில் எழுத்துக்கூட்டி அடித்தேன். சிவப்பாக இருந்த டிஸ்க் பட்டை நீலமானது. அண்ணாமலையாரே வந்து முதுகில் தட்டிக்கொடுத்தது போல இருந்தது.

சாத்திய பிறகு பேட்டரி தீர்ந்தால், திறந்திருக்கும் எல்லாவற்றையும் அந்த ஆறு ஜிபியில்தான் லேப்டாப் எழுதி வைத்துக்கொள்ளும் என்பது, ராத்திரி பேட்டரி தீர்ந்துபோய் மறுநாள் காலை வெறும் திரை வந்தபோதுதான் தெரிந்தது.

"என்னங்க, பேரெல்லாம் எங்க?"

"இடம் கம்மியா இருக்குதேன்னு கொஞ்சம் காலி பண்ணேன்."

"நல்லா காலி பண்ணீங்க!" என்றவளின் குரல் உடைந்தது. "சாயந்தரம் பிரஸ்ல குடுக்கணும். பெரியப்பா இந்த வாட்டியும் கோச்சிக்கினா, நம்ம ஊட்டுப் படியே ஏற மாட்டாருங்க."

ரீசார்ஜ் கடைக்காரரிடம் பேசக்கூட மல்லிகாவிடம் போனைத் தள்ளுகிற நான், அன்று வீடு வீடாகக் கூப்பிட்டேன். பெரியப்பாவிடம், "மாமா, உங்க பேரு எத்தினியாவது இருந்திச்சு?" என்றேன்.

"உனுக்கே தெரியலனா எதுக்கு மாப்ள கொயப்பம்? முதல்லயே போட்டுடு."

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். எப்படியோ மல்லிகாவின் ஞாபகத்தையும் சேர்த்து வரிசையை மீட்டு, பிரஸ்ஸுக்கு நானே கொண்டுபோனேன். 'அன்புடன் அழைக்கும்' என்பதற்குக் கீழே என் பெயரை நானே அடிக்கக் கூச்சமாக இருந்ததால், கடைசியில் போடலாம் என்று ஒரு வரி விட்டிருந்தேன். மறந்துவிட்டேன். பிரஸ்காரர் அந்த வெற்றிடத்தை ஒழுங்காக மூடி, மல்லிகாவை மட்டும் அழைக்க வைத்துவிட்டார்.

முந்நூறு பத்திரிகை கொடுத்து முடித்த பிறகுதான் பார்த்தோம்.

விழாவுக்குப் பெரியப்பா முதல் ஆளாக வந்தார். இரண்டு பந்தியில் சாப்பிட்டார். இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் கேட்டில் நின்று என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க இங்க குடித்தனமா?" என்று கேட்பார்.

உள்ளேயிருந்து மல்லிகா சொல்வாள்: "ஆமா பெரியப்பா. நல்ல மனுஷன், காலி பண்ணச் சொல்ல மனசு வரல."