டெல்மர் கொடுத்த வாக்கு

"இந்தத் தேர்தல்ல வாக்குச்சாவடியில எனக்கு வேலை போட்டிருக்காங்க," என்று ஆர்டிஸ் சொன்னபோது டெல்மரின் வாயில் ஒரு துண்டு உருளைக்கிழங்கு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அடுத்த ஆறு வாரமும் அவன் அந்த நிலையிலேயேதான் இருந்தான்.

"என்ன வேலை?"

"பட்டியல் மேசை. பேரைத் தேடி, கையெழுத்து வாங்கி, உள்ள அனுப்பணும். உன் பேரையும் நான்தான் தேடுவேன்."

"நல்லது."

"முகம் ஏன் வெளுத்துப் போச்சு?"

"கிழங்கு சுடுது."

கிழங்கு ஆறி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக, தேர்தலுக்குத் தேர்தல் மனைவிக்கு வாக்குக் கொடுத்தவன் டெல்மர். பெட்டிக்கு வாக்குப் போடாதவனும் அவனே. முதல் தேர்தலன்று ஏரியில் மீன் நன்றாகக் கடித்தது. வீட்டுக்கு வந்து "போட்டாச்சு" என்றான். அப்புறம் போய் வாக்காளர் பட்டியலில் பேரைப் பதிந்தால் முன்பு பதியவில்லை என்பது வெளியே வந்துவிடும். அதனால் பதியவேயில்லை. அவள் காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். சாயங்காலம் இவன் சட்டையில் 'நான் வாக்களித்தேன்' என்ற சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும். இரும்புக்கடை கர்ட் தன் சட்டையிலிருந்து உரித்துக் கொடுத்தது.

இரண்டு வருஷம் முன்புவரை அது சின்னப் பொய்யாகத்தான் இருந்தது. அந்த வருஷம் மாநிலத் தேர்தலோடு சேர்த்து, ஊர் நூலகத்துக்கு வரி போடலாமா என்றும் கேட்டார்கள். போடலாம் என்றவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வேண்டாம் என்றவர்களும் நானூற்றுப் பன்னிரண்டு. சமம் என்றால் தோல்வி. நூலகத்தைப் பூட்டினார்கள். பதினெட்டு வருஷம் அதை நடத்தியவள் ஆர்டிஸ். அன்று கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு ஆள், டெல்மர். யாரோ ஒருத்தர் வந்திருந்தா போதும்."

"யாரு அந்தப் பாவி?" என்றான் டெல்மர்.

இப்போது ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் தட்டுக் கழுவுகிறாள். இந்த நவம்பரில் அதே கேள்வி திரும்ப வருகிறது. பட்டியலில் குடும்பப் பேரை முன்னால் வைத்து 'ஹௌகன், டெல்மர்' என்று தேடுவாள். இருக்காது. அப்புறம் அவன் உயிரோடு இருப்பானா என்பது அவள் கையில்.

மறுநாள் கர்ட்டின் கடைக்கு ஓடினான்.

"காய்ச்சல்னு படுத்துக்கோ," என்றான் கர்ட்.

"கம்பளியோட சுருட்டித் தூக்கிக்கிட்டுப் போயிடுவா."

"அப்ப மாவட்ட ஆபீஸ்ல முன்கூட்டியே பதிஞ்சுடு."

போனான். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஆர்டிஸோடு சர்ச்சில் பாடுகிறவள். "என்ன வேணும் டெல்மர்?" என்று சிரித்தாள். "நாய் லைசன்ஸ்," என்று வாயில் வந்ததைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது ஆர்டிஸ் கேட்டாள்:

"நாம நாய் வாங்கப் போறோமா?"

"யோசிச்சுட்டிருக்கேன்."

"எந்த வகை?"

"அமைதியான வகை."

கர்ட் கடைசி வழி சொன்னான். "தேர்தல் அன்னிக்கு அங்கேயே பதியலாம். அது வேற மேசை. பன்னெண்டரைக்கு அவ சாப்பிடப் போவா, அப்ப நுழைஞ்சுடு. ஆனா சொல்றதெல்லாம் உண்மைதான்னு சத்தியம் வாங்குவாங்க. பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சு வருஷம் ஜெயில்."

"நான் என்ன பொய் சொல்லப்போறேன்?"

"அதுவும் சரிதான். உன் பொய்யெல்லாம் வீட்டிலேயே செலவாயிடுச்சே."

தேர்தலன்று, கீழ்த்தளத்தில் வாக்குச்சாவடி வைத்திருந்த சர்ச்சுக்கு எதிரே டிரக்கில் பதுங்கி உட்கார்ந்தான். வெளியே பனி. இவனுக்கு வேர்வை. பன்னிரண்டரைக்கு ஆர்டிஸ் டிபன் டப்பாவோடு சமையலறைப் பக்கம் போவது ஜன்னலில் தெரிந்தது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினான். பதிவு மேசையில் ஐரின் என்ற கிழவி இருந்தாள்.

"டிரைவிங் லைசன்ஸைக் குடு. இது பழைய பண்ணை முகவரில்ல? டவுனுக்கு வந்துதான் மூணு வருஷம் ஆச்சே. இப்ப இருக்கற முகவரிக்கு உன் பேர்ல ஒரு பில் காட்டு."

அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தான். வீட்டில் எல்லாமே ஆர்டிஸ் பேரில். போன் பில் ஒன்றுதான் இவன் பேரில் வரும். காலையில் மேசை இழுப்பறையிலிருந்து உருவி வந்ததை விரித்து வைத்தான்.

ஐரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "ஆர்டிஸ் ஹௌகன்னு போட்டிருக்கு."

டெல்மர் குனிந்து பார்த்தான். அப்படித்தான் போட்டிருந்தது.

"பரவால்ல. இந்த வார்டு வாக்காளர் யாராவது, நீ இங்கதான் குடியிருக்கேன்னு சத்தியம் பண்ணட்டும்."

கர்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வார்டு. டெல்மர் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"நான் பண்றேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆர்டிஸ். உதட்டோரத்தில் கடுகுச் சாஸ். வலது கையை உயர்த்தினாள்.

"இவர் இந்த முகவரியிலதான் குடியிருக்கார்னு உனக்கு நேரடியாத் தெரியுமா?" என்று ஐரின் கேட்டாள்.

"தெரியும். குறட்டையே சாட்சி."

வரிசை சிரித்தது. டெல்மர் சிரிக்கவில்லை. அவன் பயந்தது ஜெயிலுக்கு அல்ல. ஜெயிலில் அவள் இருக்கமாட்டாள்.

கையெழுத்துப் போட்டதும் அடுத்து பட்டியல் மேசைக்குப் போகவேண்டும். அதற்குள் அவள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"பேரு?" என்றாள், யாரோ போல.

"ஆர்டிஸ்..."

"அது என் பேரு. உங்க பேரு?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவனை 'உங்க' என்றது அதுவே முதல்முறை. ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு போனான். நூலகக் கேள்விக்கு 'போடலாம்' என்ற வட்டத்தை, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கறுப்பாக்கினான்.

மறுநாள் காலை ரேடியோ சொன்னது: நூலகம் இருபத்தாறு ஓட்டில் ஜெயித்துவிட்டது. ஆர்டிஸ் ரேடியோவை அணைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி ஊற்றினாள்.

"ஆர்டிஸ், அந்தப் பாவி நான்தான்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"போன தடவை சமமா முடிஞ்ச வாரமே. யாரு வரலைன்னு பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஊர் முழுக்க ஒருத்தன் மேலயும் எனக்குக் கோபம் வரல. உன் பேரு எந்த வருஷத்திலயும் இல்லைன்னு பார்த்தப்பதான் வந்தது."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒருநாள் அழுவ. ஆறு வாரம் பயந்தாத்தான் ஆயுசுக்கும் மறக்கமாட்ட. போன் பில்லை செப்டம்பர்லயே என் பேருக்கு மாத்திட்டேன்."

டெல்மர் தலையைத் தொங்கப்போட்டான். ஆனால் நெஞ்சுக்குள் ஆறு வாரமாக நின்ற கிழங்கு ஒருவழியாக இறங்கியதுபோல் இருந்தது. "அப்ப மன்னிச்சுட்டியா?"

"மன்னிச்சாச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடு."

நன்றியோடு போட்டான். பேனாவை மூடிவிட்டுக் கேட்டான்: "என்ன தாள் இது?"

"இனி வர்ற தேர்தலுக்கெல்லாம் சாவடி வேலைக்கு உன் விண்ணப்பம். காலையில அஞ்சரைக்கு அங்க இருக்கணும். பட்டியல்ல பேர் இருக்கறவங்களைத்தான் எடுப்பாங்களாம், அதுக்காகத்தான் நேத்து சத்தியம் பண்ணினேன்."