நான் கிளம்பியதும் வரும் புகை

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். வெளியாட்கள் அதை நல்ல குணம் என்கிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதற்குக் காரணம் ஒரு பழைய கார்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். (போட்டியின்றித் தேர்வு. போட்டி போட நான் யாரையும் விடவில்லை என்பது என் கணவர் சேகரின் கட்சி.) வேலை ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில். நாள் முழுக்கக் கடிதம் எழுதி எழுதி, இரண்டு பக்கத்தில் யாரையும் அசைத்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கு வந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் காரை வாங்கினேன். டீசல் வண்டி. எனக்கு முன்பே மூன்று பேரிடம் குடித்தனம் நடத்திவிட்டு வந்தது. வாங்கிய மூன்றாம் வாரமே ஆயில் விளக்கு சிவப்பாக எரிய, மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். கம்பியின் நுனியில்கூட ஈரமில்லை.

"எங்கியும் ஒழுகலக்கா. உள்ளியே எரிஞ்சு போவுது. பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும். இன்ஜினைப் பிரிச்சுப் பாத்துடலாமா?" என்றார்.

பிரிப்பதா? நேராக நைனாவிடம் போனேன். நைனா என்றால் என் அப்பா, காசிமேட்டில் ஆயுள் முழுக்க விசைப்படகு ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் இன்ஜின் விஷயத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"மெக்கானிக் பேச்சைக் கேட்டுகினு வந்தியா?" என்று சிரித்தார். "இன்ஜின்னா ஆயில் குடிக்கத்தாம்மா செய்யும். நம்ம போட்டு ஒரு தபா கடலுக்குப் போய் வந்தா எத்தினி கேன் குடிக்கும் தெரியுமா? குடிக்கலைன்னாதான் பயப்படணும். ஊத்து, ஓட்டு. அவ்ளோதான்."

தன்னம்பிக்கை எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. அன்றிலிருந்து டிக்கியில் ஓர் ஆயில் கேனும் புனலும் நிரந்தரமாகக் குடியேறின. பத்து நாளைக்கு ஒரு லிட்டர், நானே மூடியைத் திறந்து ஊற்றுவேன். பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு இன்ஜின் பற்றி நாலு வார்த்தை விளக்கமும் சொல்வேன். ஊற்றுகிற ஆயிலெல்லாம் எங்கே போகிறது என்று மட்டும் ஒருநாளும் யோசிக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் எப்போதும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை அங்கேதான் அவற்றுக்குக் காத்திருப்பு. அலுவலகம் போகிற வழியெல்லாம் என் காருக்கு முன்னாலும் பின்னாலும் அவைதான். கண்ணாடியில் புகை தெரிந்தால் லாரியைத் திட்டுவேன். எங்கள் பக்கத்தில் புகைக்கு வேறு காரணம் தேடுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது.

இப்படியிருக்க, ஒருநாள் எதிர்வீட்டு பானு வந்தாள். தெருவில் என்னை எதிர்த்துப் பேசத் துணிந்த ஒரே ஆள் அவள். அதனாலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். எங்கள் வாசலில் இடமில்லாததால் என் கார் நிற்பதுகூட அவள் ஜன்னலுக்குக் கீழேதான். இடுப்பில் அவள் மகள் யாழினி, நாலு வயது, இருமிக்கொண்டிருந்தாள்.

"முடியலக்கா. வூடு ஃபுல்லா பொகை. கொழந்தை இருமிகினே கீது. இந்த மாசம் பாப்போம். சரியாவலைன்னா வேற வூடு பாத்துகினு போயிடுவோம்."

பானு இல்லாத தெருவில் நான் யாரோடு சண்டை போடுவது? உடனே நோட்டை எடுத்து விசாரணையை ஆரம்பித்தேன்.

"எத்தினி மணிக்கு வருது?"

"காலையில எட்டே முக்கால் இருக்கும். நான் பின்னாடி சமைச்சுகினு இருப்பேன். ஓடியாந்து பாக்கறதுக்குள்ள வூடு ரொம்பிடும். நீ ஆபீஸ் கிளம்பிப் போவ பாரு, அந்த நேரம்."

"சாயந்திரம்?"

"ஆறரைக்கு. நீ திரும்பி வர்ற நேரம்."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னிக்கு இல்லக்கா. நீதான் வூட்லயே கீறியே."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. லாரி டிரைவர்களுக்கு என்னைக் கண்டால் பயம்! நான் தெருவில் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கிறார்கள். என் தலை மறைந்ததும் இன்ஜினை முடுக்கிப் புகை விடுகிறார்கள். சாயங்காலம் என்னைப் பார்த்ததும் பதறிப்போய் வண்டியை நகர்த்துகிறார்கள், அதுதான் ஆறரைப் புகை. (சேகரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றார். கல்யாணமாகிப் பல வருடம் ஆன மனிதர்.)

புகைக்கு எந்த அலுவலகம் பொறுப்போ அதற்கு எழுதினேன். 'குறிப்பிட்ட ஒரு நபர் தெருவை விட்டு அகலும் தருணத்தை எதிர்நோக்கி, திட்டமிட்டுப் புகை வெளியிடப்படுகிறது' என்று ஒரு வாக்கியம். அதை எழுதிவிட்டு நானே நாலு தடவை படித்து ரசித்தேன். தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, நாள், நேரம் எல்லாம் பட்டியல் போட்டு இணைத்தேன். நான்காவது கடிதத்துக்கு ஓர் அதிகாரியம்மா நேரிலேயே வந்துவிட்டார்.

திட்டம் என்னுடையதுதான். அதிகாரி பானு வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு மறைவாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் சாட்சிக்குச் சங்கத்து ஆட்கள், சேகர், வேடிக்கை பார்க்க வந்த நைனா. நான் வழக்கம்போலக் கிளம்பிப் போவேன். உடனே லாரிக்காரர்கள் ஆரம்பிப்பார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

முக்கியமான நாளாயிற்றே என்று முதல்நாளே காருக்கு ஒரு லிட்டர் அதிகமாக ஊற்றியிருந்தேன். எட்டே முக்காலுக்குக் கைப்பையோடு வந்து ஏறினேன். நான் போகிறேன் என்பது தெருமுனைவரை கேட்க வேண்டும் அல்லவா? அதனால் கிளம்பும் முன் ஆக்ஸிலேட்டரை மூன்று முறை நன்றாக மிதித்தேன். ஹார்னும் அடித்தேன். அப்படியே அடுத்த தெருவுக்குப் போய், காரை ஓரங்கட்டிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்து திரும்பினேன்.

"மாட்டிகினானுங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் பானு வீட்டுக்குள் நுழைந்தேன்.

அறைக்குள் நீலமாகப் புகை நின்றது. அதிகாரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். சேகர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, தெருமுனையில், லாரிகள் இன்ஜினை அணைத்துவிட்டு அமைதியாக நின்றன. டிரைவர்கள் கையில் டீ கிளாஸோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.

"மேடம்," என்றார் அதிகாரி, இருமலை அடக்கிக்கொண்டு, "நீங்க எழுதினது எல்லாமே உண்மை. நேரம்கூட கரெக்டா இருக்கு."

அதற்குள் ஜன்னல்வரை வந்துவிட்ட ஒரு டிரைவர் மெல்ல எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, நம்ம லாரி பொகை கறுப்பா வரும். இது நீலமா கீது பாரு, ஆயில் எரியிற பொகை. சீக்கிரம் வேலை பாத்துடு. இல்லாட்டி இன்ஜினே பூடும்."

நான் நைனாவைப் பார்த்தேன். ஆயுள் முழுக்க இன்ஜினோடு வாழ்ந்த மனிதர் துளியும் அசரவில்லை.

"நான் சொன்னது சொன்னதுதான். இன்ஜின் ஆயில் குடிக்கும். ஆனா போட்டுல பொகை பின்னாடி கடலுக்குப் போயிடும். இங்க பின்னாடி பானு வூடு கீது. அதான் வித்தியாசம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை. யாழினி பானுவின் தோளில் முகத்தைப் புதைத்து இருமிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அந்தக் குழந்தை இருமியது என் புகைக்கு. இடையில் நான் அவளுக்கு இருமல் மருந்துகூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவே பார்க்க அழுதேன்.

"மன்னிச்சுடு பானு. நீ வேற வூடு பாக்காத. என்னை எவ்ளோ வேணா திட்டிக்கோ."

பானு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் ஏன்க்கா போவணும்? உன் வண்டியக் கிளப்பு மொதல்ல," என்றாள். சொல்லிவிட்டுத் தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தும் விட்டாள்.

அதிகாரி அங்கேயே ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். புகார் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் என் பெயர், வாகன உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் என் பெயர். கொடுத்த புகாரில் குற்றவாளியை அன்றே கண்டுபிடித்துக் கொடுத்த செயலாளர் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதனால் பதவியை ராஜினாமா செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கார் அந்த வாரமே தெருவை விட்டுப் போனது. யாழினியின் இருமல் நின்றது, பானு அதே வீட்டில்தான் இருக்கிறாள். நான் ஷேர் ஆட்டோவில் போகிறேன். ஆனாலும் காலையில் கைப்பையோடு படியிறங்கினால் போதும், இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கும் யாழினி ஜன்னலில் ஏறி நின்று, "பெரிம்மா கெளம்பிட்டாங்கோ!" என்று கத்துவாள். உடனே வரிசையாக எல்லா வீட்டு ஜன்னல்களும் படார் படார் என்று சாத்திக்கொள்ளும். நானும் கையை ஆட்டிவிட்டு நிமிர்ந்தே நடப்பேன்.

போன மாதம் கடைசி வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. இரண்டாம் நாள் காலையில் பார்க்கிறேன், அந்த வீட்டுக்காரரும் ஜன்னலைச் சாத்துகிறார். ஏன் என்று சேகர் கேட்டிருக்கிறார்.

"தெரியல சார். அவங்க வெளிய கெளம்புனா இந்தத் தெருவுல ஜன்னலைச் சாத்தணுமாமே?"