ஆறு சென்டிமீட்டர் இறக்கினேன்

பிப்ரவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பதினான்கு நிமிடம். மேகம் இல்லை, காற்று இல்லை, வெயில் அப்போதுதான் உறைக்கத் தொடங்கியிருந்தது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறைக்காட்டில் நூற்று எண்பத்து மூன்று பேர் (எண்ணினேன்) வாயடைத்து நிற்க, என் மகள் தாரணி ஒரு கல்லின் மேல் பைக்கோடு மாட்டிக்கொண்டு நின்றாள். முன் சக்கரம் காற்றில். பின் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டியின் வயிறு கல்லில் உட்கார்ந்திருந்தது. அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் இரு பக்கமும் தரையில் அழகாகப் பதிந்திருந்தன.

அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆள் கை தட்டினான். அது நான்.

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. யார் மேல் என்றால், ஒரு நீண்ட வரிசையே இருக்கிறது. முதல் இடத்தில் என்னை நிறுத்திவிட்டுத்தான் மற்றவர்களிடம் வருவேன்.

நான் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் பிசகினால் சாமானைத் திருப்பி அனுப்பியவன். என் உயரம் ஐந்தடி ஒன்றே கால் அங்குலம். (அந்தக் கால் அங்குலத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.) இளவயதில் ஒரு பெரிய பைக் வாங்கப் போனபோது, கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாருக்கு ஒரு ஸ்டூல் எடுத்தாங்கப்பா" என்றார். அன்றிலிருந்து எனக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: கால் எட்டுமா?

தாரணி என்னையும் விட இரண்டு அங்குலம் குறைவு. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. இருபத்தாறு வயதில், ஒரு வருடச் சேமிப்பைப் போட்டு, பழைய வெளிநாட்டு ட்ரையல்ஸ் பைக் ஒன்று வாங்கினாள். ட்ரையல்ஸ் என்பது கல்மேலும் கட்டைமேலும் பைக்கை மெதுவாக ஏற்றி இறக்கும் விளையாட்டு. அந்த வண்டிக்கு சீட்டே கிடையாது. சீட் இருக்கவேண்டிய இடத்தில் வாழை மட்டை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக். முழு நேரமும் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். விளையாட்டின் விதிகளை எட்டு மாதத்தில் நான்கு முறை எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான்கு முறையும் நான் செயின் தளர்வை அளந்துகொண்டிருந்தேன்.

டிசம்பரில் பயிற்சியின்போது சரிவான ஒரு பாறையில் இடது காலை ஊன்றப் போனாள். கால் தரையைத் தேடியது, தரை கிடைக்கவில்லை. தாடையில் ஆறு தையல். என் மனைவி சரோஜா மூன்று நாள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உங்குளுக்குத்தான் அளக்கத் தெரியுமே. அந்த வண்டிய ஏதாச்சும் பண்ணுங்க."

தாரணிக்கு இதற்கு நடுவில் ஒரு ஆசையும் இருந்தது. பிப்ரவரிப் போட்டியில் பெண்கள் பிரிவில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு பெங்களூரில் ஒரு மாதம் இலவசப் பயிற்சி. ஆபீசில் இதற்கென்று லீவு சொல்லி வைத்திருந்தாள். தையல் பிரித்த மறுநாளே மறுபடியும் பாறைக்குப் போய்விட்டாள். எனக்குப் பயம். பயம் வந்தால் நான் டேப்பை எடுப்பேன்.

அளந்தேன். அந்தப் பிளாஸ்டிக்கின் உயரம் தரையிலிருந்து அறுபத்தாறு சென்டிமீட்டர். தாரணியின் உள்கால் நீளம் அறுபத்தேழு. ஒரு சென்டிமீட்டர் மிச்சம்! அதுவும் எங்கள் போர்ட்டிகோவின் சிமெண்ட் தரையில். பாறையில் அது என்ன ஆகும்? இன்டர்நெட்டில் தேடினேன். குள்ளமானவர்களுக்கு வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சரிசெய்வது என்று ஒரு வெளிநாட்டுக்காரர் அட்டவணை போட்டிருந்தார். குள்ளம் என்பது அவர் கணக்கில் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டரிலிருந்து ஆரம்பம். நூற்று அறுபத்தெட்டு! எங்கள் வீட்டில் அந்த உயரத்தில் இருப்பது பீரோ மட்டும்தான். கோபத்தில் அட்டவணையை மூடினேன். அதற்குக் கீழே இன்னும் பதினொரு பத்தி இருந்தது. படிக்கவில்லை.

போட்டிக்கு முதல் நாள், சனிக்கிழமை, தாரணி ஆபீஸ் போகும்போது, "அப்பா, செயின் மட்டும் சித்தெ பாத்து வைங்ப்பா" என்றாள். மட்டும் என்ற சொல் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. வண்டியைக் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு உக்கடம் போனேன்.

உக்கடத்தில் காதர் பாயின் லேத் பட்டறை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். என் திட்டம் எளிமையானது. பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரண்டு இணைப்புத் தகடுகளை நீளம் கூட்டிச் செய்து போட்டால் பின்பக்கம் இறங்கும். முன் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலே தள்ளி இறுக்கினால் முன்பக்கம் இறங்கும். மொத்தத்தில் ஆறு சென்டிமீட்டர். காகிதத்தில் முப்பத்தோரு அளவுகள் குறித்துக் கொடுத்தேன்.

பாய் காகிதத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சாரே, புள்ளகிட்ட கேட்டீங்களா?"

"அவ ஆபீஸ் போயிருக்கா பாய்."

"எங்க போயிருக்குதுன்னு நான் கேக்கலீங்களே. கேட்டீங்களான்னுதான் கேட்டேன்."

"சர்ப்ரைஸ் பாய். நாளைக்குப் போட்டி. ஏறி நின்னதும் கால் எட்டோணும், அவ மூஞ்சிய நான் பாக்கோணும்."

"நானும் ஒருக்கா எங்க ஊட்டம்மாவுக்குச் சர்ப்ரைஸா மிக்ஸிய ரிப்பேர் பண்ணிப்போட்டேனுங்க" என்றார் பாய். "இன்னைக்கு வரைக்கும் எங்கூட்டுல அம்மிதான்."

சொல்லிவிட்டு வேலையைச் செய்தார். அவர் மேல் எனக்குத் துளிக் கோபம் கிடையாது. கொடுத்த அளவுக்கு மயிரிழை பிசகவில்லை. அதுதான் கேடு. அளவு தப்பாகச் செய்திருந்தால் தகடு பொருந்தாமல் போயிருக்கும், நானும் தப்பித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து டயரை அமுக்கிப் பார்த்தேன். கொழகொழவென்றிருந்தது. காற்று அளக்கும் மானியை வைத்தால் முன்னால் ஐந்து, பின்னால் நான்கு. எங்கள் ஸ்கூட்டருக்கே இருபத்தெட்டு அடிப்பேன்! எட்டு மாதமாகப் பஞ்சரான வண்டியையா இந்தப் பெண் ஓட்டியிருக்கிறது என்று மனம் பதறி, இரண்டுக்கும் இருபத்தெட்டு அடித்தேன். (ட்ரையல்ஸ் டயரில் நான்கு ஐந்துதான் இருக்க வேண்டுமாம். அப்போதுதான் அது கல்லைக் கவ்வுமாம். இதுவும் நான் படிக்காத பதினொரு பத்திக்குள் இருந்தது.) பிறகு வண்டிக்குப் போர்வை போர்த்தினேன். கழற்றிய பழைய தகடுகளை எண்ணெய் துடைத்து, தேதி எழுதிய லேபிள் ஒட்டி, அலமாரியின் மூன்றாவது தட்டில் வைத்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். போர்வையோடு நானே வண்டியைக் குட்டி லாரியில் ஏற்றினேன். போட்டி இடத்தில் இறக்கி, எட்டரைக்குப் பழகிப் பார்க்க பத்து நிமிடம் கொடுத்தார்கள். தாரணி ஏறினாள். இரண்டு பாதமும் தரையில் தட்டையாக உட்கார்ந்தன. நான் எதிர்பார்த்த முகம் வரவில்லை.

"ஏனுங்ப்பா, வண்டி ஒரு மாதிரி இருக்குது?"

"கால் எட்டுதா கண்ணு?"

அவள் குனிந்து பார்த்தாள். கிளாம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த ஃபோர்க் குழாய்களைப் பார்த்தாள். கீழே இறங்கி பின்பக்கம் பார்த்தாள். கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"பழைய லிங்க் தகடு எங்கீங்ப்பா?"

"ஊட்டுல கண்ணு. பத்திரமா இருக்குது. மூணாவது தட்டு, லேபிள் ஒட்டிருக்கேன்."

வீடு எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். தாரணி என்னை ஒருமுறை பார்த்தாள். இரண்டு டயரிலும் காற்றைப் புஸ்ஸென்று இறக்கிவிட்டுப் போனாள்.

அதுவரை எனக்கு எதுவும் புரியவில்லை என்பதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக் கோடு போட்ட பாதை. ஓரத்தில் ஒரு நடுவர். முதல் மேட்டில் தாரணி இடது காலை ஊன்றினாள். நடுவர் ஒரு விரலைத் தூக்கினார். ஒரு மார்க்! நான் தட்டினேன். அடுத்த திருப்பத்தில் வலது கால் பட்டது. இரண்டு விரல். இன்னும் பலமாகத் தட்டினேன். மற்றப் பெண்கள் எல்லாம் காலே ஊன்றாமல் போய் ஒரு மார்க்கும் வாங்காமல் திரும்பியிருந்தார்கள். அவர்களை நினைத்துக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டேன். அப்புறம்தான் குதிரை முதுகு போன்ற அந்தக் கல். முன் சக்கரம் ஏறி இறங்கியது. டங்கென்று வயிறு உட்கார்ந்தது. நடுவர் ஐந்து விரலையும் விரித்தார். நான் எழுந்து நின்று தட்டினேன்.

பக்கத்தில் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் நின்றிருந்தார். பாறைக்காட்டுக்குச் சொந்தக்காரர், பெயர் வேலுச்சாமி.

"ஏனுங்க, அந்தப் புள்ளைக்கும் உங்குளுக்கும் ஏதாச்சும் பகையிங்களா?"

"என்ற மகளுங்க அது."

"அப்பறம் ஏனுங்க தட்டறீங்க?" உண்மையான அக்கறையோடு கேட்டார். "காலு கீழ பட்டா கழிவுங்க. ஒருக்காப் பட்டா ஒண்ணு, மாட்டிக்கிட்டா அஞ்சு. ஆருக்குக் கம்மியோ அவீகதான் பர்ஸ்ட்டு."

"எனக்குத் தெரியுங்க" என்றேன். (தெரியாது.)

கால் தரையைத் தொடவே கூடாத ஒரு விளையாட்டுக்கு, கால் தரையைத் தொடும்படி வண்டி செய்து கொடுத்திருக்கிறேன்! டேப்பை எடுத்துக்கொண்டு போய், நடுவர் திட்டத் திட்ட அந்தக் கல்லை அளந்தேன். இருபத்தொன்பது சென்டிமீட்டர். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் முதலில் இருந்த இடைவெளி முப்பத்திரண்டு. ஆறு போனால் இருபத்தாறு. முப்பத்தோரு அளவு எடுத்தவன் இந்த ஒரு கழித்தலைப் போடவில்லை. என் கம்பெனியில் ஒரு பயல் இப்படி ஒரு வேலை செய்திருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பேன்.

பாதை ஆறு, சுற்று இரண்டு. அவள் பாதியில் விலகவில்லை. அது எனக்கு இன்னும் பெரிய தண்டனை. பன்னிரண்டு முறை போனாள். பதினொரு முறை மாட்டினாள், ஒரு முறை மூன்று கழிவோடு வெளியே வந்தாள். மொத்தம் ஐம்பத்தெட்டு. மூன்றாவது வந்த பெண்ணுக்கு முப்பத்தொன்று. தாரணி பயிற்சியில் ஒருமுறைகூட இருபத்தேழைத் தாண்டியதில்லை என்பதை அவள் நோட்டில் பிறகு பார்த்தேன்.

திரும்பும் வழியில் அவிநாசி வந்தது. நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"கண்ணு, நீ உயரம் கம்மின்னுதான்..."

"நா குள்ளம்னு வண்டிக்குத் தெரியாதுங்ப்பா" என்றாள். "நா நாப்பத்தாறு கிலோன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். அந்த ஸ்பிரிங்கு எழுவத்தஞ்சு கிலோ ஆளுக்குப் போட்டது. நா ஏறுனா அமுங்கறதே இல்ல, அதான் ஒசக்க நிக்குது. மெது ஸ்பிரிங்கு ஒண்ணு, ஹேண்டில் பாரு சித்தெ பின்னால, கிளட்ச் லிவரு விரலுக்குக் கிட்ட. எனக்கு வேண்டியது அம்புட்டுத்தான். என்ற காலை அளந்தீங்க, கையை அளந்தீங்க, கல்யாணத்துக்குப் பாக்கற மாதிரி நிக்க வெச்சு அளந்தீங்க. எத்தன கிலோன்னு ஒருக்காக் கேட்டீங்களா? எனக்கு என்ன வேணும்னாச்சும் கேட்டீங்களா?"

குட்டி லாரி டிரைவர் ரேடியோவை அணைத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு மின்கம்பங்கள் வரை எண்ணினேன். அதற்கு மேல் கண் மங்கிவிட்டது. தூசி.

பிறகு பத்தொன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. எல்லாம் சரோஜா வழியாகத்தான். "அப்பா மோட்டாரப் போட்டாங்களான்னு கேளும்மா." சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் விஷயம் தெரிந்துகொண்டார்கள். இப்போதும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் மச்சினன் மேடைக்கு முன்னால் நின்று, "மாமா, மாப்ள ஆறடி இருக்காப்ல. பொண்ணு கிட்டக் கேக்காம ஒரு ஆறு சென்டி இறக்கி உட்டுருங்களே" என்கிறான். ஐந்து கல்யாணம் ஆயிற்று. ஐந்திலும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இருபதாம் நாள் காலை குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினைத் தூக்கி வந்து அவள் எதிரில் தரையில் வைத்தேன். அவள் உள்ளே போய் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து ஏறி நின்றாள்.

"அம்பது புள்ளி எட்டு" என்றேன்.

"மூணுதான். கிட்ட வந்து பாருங்ப்பா, கண்ணாடியப் போட்டுட்டு" என்றாள்.

மெது ஸ்பிரிங், அதன் சுங்க வரி, நசுங்கிய அடித்தகடு, ஃபோர்க் சீல், பழைய தகடுகளைத் திரும்ப மாட்டிய கூலி, அடுத்த முறை பெங்களூர்ப் பயிற்சிக்குக் காசு கொடுத்துச் சேரும் கட்டணம், ஒரு மாத விடுதி. எல்லாம் என் ஓய்வுப் பணத்திலிருந்து. ஒவ்வொன்றையும் வாங்கும் முன்னால் அவளிடம் கேட்டேன். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், மூன்று முறையும் அதேதான் வந்தது: ரூபாய் எண்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது.