கரண்டிக்குப் பேர்

"இது என்ன?" கிஸ்லான் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். காலையிலிருந்து நாற்பதாவது தடவை.

மூன்று வயது ஷைமா கரண்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வாயை இறுக்கிக்கொண்டாள்.

"கரண்..." என்று மகளின் காதில் ஊதினான் இத்ரீஸ்.

"சொல்லிக் குடுக்காதீங்க. பரீட்சைக்குப் போறவங்க தானா சொல்லணும்."

திங்கட்கிழமை பாலர் பள்ளித் தேர்வு. காட்டும் பொருளுக்குப் பேர் சொல்லாத பிள்ளைக்கு இடமில்லை. இடம் கிடைக்காவிட்டால் கிஸ்லான் வேலைக்குத் திரும்ப முடியாது. வீட்டில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத மகள், பள்ளிக் கடிதம் வந்ததிலிருந்து அதையும் நிறுத்திவிட்டாள்.

"எல்லாம் உங்களாலதான். நான் அரபியில சொன்னா நீங்க பிரெஞ்சுல கொஞ்சுறீங்க. புள்ள குழம்பிப் போச்சு."

இத்ரீஸ் பிரெஞ்சை விட்டான். விட்டதும் அவனுக்குப் பேச ஒன்றுமில்லாமல் போனது. வீட்டில் வாய் திறக்காதவர்கள் இப்போது இரண்டு பேர்.

வாயால் கேட்டால்தான் எதுவும் தருவது என்று கிஸ்லான் அடுத்த சட்டம் போட்டாள். ஷைமா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, எள்ளுருண்டையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

பிறகு சாவி, செருப்பு, தேநீர்க் கெண்டி என்று கூடம் முழுக்கப் பரப்பிவைத்து, "இது என்ன? இது என்ன?" ஞாயிறு காலை, அம்மா எதையாவது கையில் எடுத்தாலே மகள் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். கிஸ்லானுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரொட்டி மாவைச் சுட்டுவரத் தெருமுனைப் பொது அடுப்புக்குக் கொண்டுபோவது இத்ரீஸின் வேலை. அன்று ஆத்திரத்தில் மாவுப் பலகையை அவளே தூக்கிக்கொண்டு, மகளையும் இழுத்துப்போனாள்.

உள்ளே நுழைந்ததும் ஷைமா கையை உதறிக்கொண்டு, வெந்த ரொட்டிகளிடம் ஓடினாள்.

"புஷைப் மாமா, இது தச்சர் வீட்டு ரொட்டி. ஓரம் கருகிப்போச்சு. அவங்க சண்டைக்கு வருவாங்க, கருகின பக்கம் தெரியாம திருப்பி வைங்க."

கிஸ்லான் பலகையைக் கீழே போடாதது அதிசயம். "இவ பேசுவாளா?"

"நிறுத்தினாத்தானே," என்றார் அடுப்புக்காரர் புஷைப். "உன் வீட்டுக்காரர் இவளை விட்டுட்டுப் போயி எதிர்க்கடையில காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் இங்க இதே கச்சேரிதான்."

"அப்புறம் ஏன் என்கிட்ட மட்டும் கரண்டின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறா?"

புஷைப் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதம்மா. நாளைக்கு உனக்குப் பரீட்சையாம், கரண்டிக்குக்கூட உனக்குப் பேர் தெரியலையாம். சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னுதான் புள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கு."