இடியப்பத்துக்கு ஒரு சிஸ்ரம்

அந்த மாதத்துக்குள் தன் வீட்டை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுவது என்று அனிஸ்ரன் முடிவெடுத்தான். வீட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. டிப்ளோமா படிப்பிக்கிற விமலேஸ்வரி மிஸ்தான் கேட்டிருந்தா.

அனிஸ்ரன் முல்லைத்தீவில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் லிகிதர். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய், தகவல் முறைமை டிப்ளோமா படித்தான். சித்தியடைந்தால் பதவி உயர்வு. அதற்கு ஒரு செயற்திட்டம் செய்ய வேண்டும். நடக்கிற தொழில் ஒன்றைப் பிடித்து, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு, அதைப் படமாக வரைந்து, கொம்பியூட்டரிலோ போனிலோ ஓடுகிற புதிய சிஸ்ரம் ஒன்று செய்து காட்ட வேண்டும். சங்கத் தலைவரைக் கேட்டுப் பார்த்தான். "எங்கட தேவையை நாங்கள் வெளியில ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை" என்று அவர் எழும்பிப் போய்விட்டார். மிஞ்சியது வீடு.

வீட்டிலும் ஒரு தொழில் நடந்தது. மனைவி யூலியானா விடியமுன்னம் எழும்பி, இடியப்பம் அவித்து, சம்பலும் போட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இளையதம்பியரின் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுத்து வந்தாள். கைப்பக்குவம் அப்படி. கடற்கரை வீதிக் கடைக்காரரும் தனக்கு வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டிருந்தார். "நீங்களும் எழும்பி ஒரு கை பிடிச்சா அதையும் எடுக்கலாம்" என்று அவள் பல தரம் சொல்லிவிட்டாள். அவனும் பல தரம் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

இனி அந்தக் கதையே வராது. போனில் ஒரு சிஸ்ரம். கடைக்காரரின் ஓடர் தானாக வரும். மா எவ்வளவு, தேங்காய் எத்தனை என்று அதுவே கணக்குப் பார்க்கும். யூலியானா விரலால் தட்டினால் போதும். அவன் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவளைக் கதிரையில் இருத்தி, எதிரில் கொப்பியோடு உட்கார்ந்தான்.

"இஞ்சேரும், நான் இப்ப உம்மட புருசன் இல்லை. பகுப்பாய்வாளர்."

"அப்ப புருசன் எங்க?"

"பகிடி விடாதேயும். உமக்கு என்ன தேவை, அதைச் சொல்லும்."

"ஒரு ஆள் தேவை."

"அது தேவையில்லை."

"உங்களுக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை."

"அய்யோ, ஆள் எண்டுறது தேவை இல்லையப்பா, தீர்வு. என்ன நடக்கவேணும் எண்டதை மட்டும் நீர் சொல்லவேணும். அது எப்பிடி நடக்கும், ஆரால நடக்கும் எண்டுறதெல்லாம் என்ர வேலை."

யூலியானா கொஞ்சம் யோசித்தாள்.

"வடிவா உங்கட வேலைதானோ?"

"முழுக்க முழுக்க என்ர வேலை."

"அப்ப எழுதுங்கோ. விடியமுன்னம் தேங்காய் திருவி இருக்கவேணும்."

எழுதினான். "ஆர் திருவுறது?"

"அது தீர்வெல்லோ. நான் சொல்லக்கூடாது."

வகுப்பில் பாதிப் பேருக்கு விளங்காத விசயம் மனுசிக்கு இவ்வளவு கெதியாய் விளங்கிவிட்டதே என்று அனிஸ்ரனுக்குப் பெருமை. அவள் அடுக்கிக்கொண்டே போனாள். மா குழைத்திருக்க வேண்டும். அடுப்பு மூண்டிருக்க வேண்டும். ஒரு தட்டு இறங்க மற்றத் தட்டு ஏற வேண்டும். பெட்டி சூடு ஆறமுன் கடைக்குப் போய்ச் சேர வேண்டும்.

"பிறகு, நான் கதிரையில இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவேணும்."

"அதுவுமோ?"

"அதை முதலாவதா எழுதுங்கோ."

எல்லாவற்றையும் தரவுப் பாய்ச்சல் வரிப்படமாக வரைந்தான். வட்டத்துக்கு மேல் வட்டம், அம்புக்கு மேல் அம்பு. யூலியானா எட்டிப் பார்த்தாள். "பேப்பரிலயும் பிழிஞ்சு விட்டிருக்கிறீங்கள். அவிக்கிறதுதான் மிச்சம்."

வவுனியாவில் விமலேஸ்வரி மிஸ் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"எல்லா அம்பும் ஒரு வட்டத்துக்குள்ளதான் போய் விழுது. ஆர் இது?"

"என்ர மனுசி, மிஸ்."

"பாவம் அவா. முதல் இந்த வட்டத்தைப் பிரியுங்கோ. இன்னொண்டு, கேட்டு எழுதினா மட்டும் காணாது. ஆக்கள் தாங்கள் செய்யிற எல்லாத்தையும் வாயால சொல்லமாட்டினம். கிட்ட நிண்டு பார்க்கவேணும்."

பார்ப்பதென்றால் எழும்ப வேண்டும். எழும்பினான். கொப்பியோடு குசினி வாசலில் நின்றான்.

"அங்க நிண்டா என்ன தெரியும்? கிட்ட வாங்கோ."

போனான்.

"மா பதமோ எண்டு கண்ணால பார்க்கேலாது. கையை வைச்சுப் பாருங்கோ."

வைத்தான்.

"இனி எடுக்காதேங்கோ. இடையில விட்டாக் கட்டிபட்டுப் போகும்."

அடுத்த நாள் இடியப்ப உரலைக் கையில் கொடுத்தாள். இடியப்பம் பிழிவது பார்க்கத்தான் லேசு. நாலு தட்டுக்குள் அனிஸ்ரனுக்குத் தோள்மூட்டு இரண்டும் கழன்று விழும்போல் இருந்தது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"இதையோ நெடுகச் செய்யிறீர்?"

"கொப்பியில எழுதுங்கோ" என்றாள். எழுதக் கை இல்லை. அவனுக்கு உண்மையாகவே ஒரு மாதிரிப் போய்விட்டது. இவளுக்கு ஒரு நல்ல சிஸ்ரம் செய்து கொடுக்கத்தான் வேண்டும் என்று மனதுக்குள் நினைத்தான்.

ஆனால் தேவைகள் முடிகிறபாடாய் இல்லை. கடற்கரை வீதிக் கடைக்கும் பெட்டி போக வேண்டும் என்றாள். அடுத்த நாள், பின்னேர ஓடரும் எடுக்க வேண்டும் என்றாள். அனிஸ்ரன் பொறுமை இழந்தான்.

"இப்பிடிக் கூட்டிக்கொண்டு போனா நான் எப்ப முடிக்கிறது? இந்தாரும், இதில ஒப்பம் வையும். ஒப்பம் வைச்சாப் பிறகு ஒரு எழுத்தும் மாத்தேலாது."

"ஆராலயுமோ?"

"ஆண்டவரே இறங்கி வந்தாலும் ஏலாது."

யூலியானா கையைத் துடைத்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதி ஒப்பம் வைத்தாள்.

"சரி, சிஸ்ரம் எங்க?"

"அது இனித்தான் செய்யவேணும். அதுக்கு முதல் ஒரு மாதிரி வைச்சுப் பார்க்கிறது. மெசினுக்குப் பதிலா ஒரு ஆள் நிண்டு, மெசின் செய்யப்போற வேலையைச் செய்து காட்டுவார்."

"ஆர் அந்த ஆள்?"

அனிஸ்ரன் சுற்றிப் பார்த்தான். குசினியில் வேறு ஒருவரும் இல்லை.

இப்படித்தான் அது தொடங்கியது. விடிய எழும்பித் தேங்காய் திருவினான். பிழிந்தான். அவித்தான். மோட்டார்சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு கடைக்கும் போய்விட்டு, அந்தக் கோலத்திலேயே சங்கத்துக்குப் போனான். பின்னேரம் வந்து, பின்னேர ஓடரையும் முடித்துவிட்டு, அறைக்குள் இருந்து புரோகிராம் எழுதினான். யாரும் அவ்வளவு ஆசையோடு புரோகிராம் எழுதியிருக்கமாட்டார்கள். கடைசியில் எழுதி முடித்து, போனை அவளுடைய கையில் வைத்தான். ஓடர் வந்தது. மாக் கணக்கு வந்தது. ஒரு பிழையும் இல்லை.

யூலியானா ஒப்பம் வைத்த தாளை எடுத்து வந்தாள்.

"வடிவா இருக்கு. இது தேங்காய் திருவுமோ?"

"போன் எப்பிடித் திருவும்?"

"பிழியுமோ?"

"இல்லை..."

"கடைக்குப் போகுமோ?"

"இஞ்சேரும், அந்த மூண்டையும் வெட்டிவிடுவம்."

"ஒப்பம் வைச்சாப் பிறகு மாத்தேலாதெண்டு பகுப்பாய்வாளர் சொன்னவர்." போனை மேசையில் வைத்தாள். "இது கணக்குப் பார்க்கட்டும். மற்றதுக்கு மெசினுக்குப் பதிலா நிண்ட சிஸ்ரமே காணும்."

கொஞ்ச நாளில் ஒரு பின்னேரம் விமலேஸ்வரி மிஸ் போன் எடுத்தா. புள்ளி போட முதல் வேலை செய்கிறவரோடு தான் நேரடியாகக் கதைக்க வேண்டுமாம். யூலியானா கதிரையில் தேத்தண்ணியோடு இருந்தாள். குசினிக்குள் இருந்து அனிஸ்ரன், "நல்லமாதிரிச் சொல்லும், என்ர பதவி உயர்வு!" என்று மெல்லக் கெஞ்சினான்.

"என்ன மாதிரி, சிஸ்ரம் வேலை செய்யுதோ?"

"ஓம் மிஸ், அருமையான சிஸ்ரம். முதல் கொஞ்ச நாள் எழும்பப் பஞ்சிப்பட்டது. இப்ப ஒருக்காக் கூப்பிட எழும்புது."

"இடையில நிண்டு போறேல்லையோ?"

"நிக்கும் மிஸ். ஒரு சத்தம் போட்டாத் திரும்ப ஓடும்."

"நல்லது. கொம்பியூட்டரிலயோ போனிலயோ போட்டிருக்கு?"

"குசினியில மிஸ். இப்ப இடியப்பம் பிழிஞ்சுகொண்டு நிக்குது."