கொச்சைக்குப் பூர்வீகம் சொல்பவர்

பூர்வீகம் சொல்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நிலத்துக்கோ குடும்பத்துக்கோ அல்ல; ஆங்கிலக் கொச்சைக்கு. அப்படி ஒருவர் எதிரில் வாய் தவறி, "இந்த வேலையெல்லாம் ரொம்ப சுலபம், பீஸ் ஆஃப் கேக்" என்று சொல்லிவிட்டீர்களா? தொலைந்தீர்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அது ஏன் கேக்குன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். தெரியாது என்று ஒப்புக்கொள்வதே உத்தமம். தெரியும் என்றால், "அதுதான் இல்ல!" என்று இரண்டு மடங்கு நேரம் எடுப்பார்.

நம் ஆள் பார்சல் அலுவலகத்தில் எடை போடும் கவுண்டரில் இருக்கிறார். ஒருநாள் ஒருவர் பெட்டியைத் தராசில் வைத்து "ஓகே" என்றார், பாவம். அதற்கு நான்கு பூர்வீகங்கள் வந்தன. வரிசை வாசல்வரை நீண்டது. கடைசியில் நின்றவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். போன மாதம் கப்பலில் பிறந்த சொல் இந்த மாதம் குதிரை லாயத்தில் பிறக்கும். கேட்டால், "ரெண்டும் சரிதான்!"

அவருடைய மகளுக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தின் காத்திருப்பு அறை. ஒரு கதவு பதிவாளரிடம் போகும், இன்னொன்று தெருவுக்கு. அம்மா உள்ளே படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மகள் மெல்ல அப்பா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கு கோல்ட் ஃபீட்டா இருக்குப்பா. கடைசி நேரத்துல பயம் வந்துடுச்சு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே! அது எங்கேருந்து வந்துச்சு தெரியுமாம்மா?"

"நிஜமாதாம்பா சொல்றேன். ஒரு வாரமா தூக்கமில்ல. வேணாம்னு தோணுது."

"இரு இரு. அந்தக் காலத்துப் பட்டாளத்துல ஒருத்தனுக்கு பூட்ஸ் கிழிஞ்சுபோச்சு..."

'வேண்டாம்னா வீட்டுக்குப் போயிடலாம்மா.' அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரே வாக்கியம். அதற்காகக் காத்திருந்தாள். பட்டாளம் பனியில் நடந்தது, மீன்பிடிப் படகில் ஏறியது, ஏதோ சீட்டாட்டக் கிளப்பில் போய் இறங்கியது. அவள் கண் கலங்கியதைப் பார்த்து, கதை உருக்கிவிட்டது என்று அவரும் கொஞ்சம் உருகினார்.

குமாஸ்தா எட்டிப்பார்த்துக் கூப்பிட்டார்.

"ரெண்டே நிமிஷம் சார்! இப்பதான் உண்மையான காரணத்துக்கே வந்திருக்கேன்."

மகள் எழுந்து நடந்தாள். உண்மையான காரணம் அவர் வாயிலேயே நின்றுபோயிற்று.

அது என்னவாக இருக்கும் என்று இந்நேரம் உங்கள் விரல் செல்போனைத் துழாவுகிறது, இல்லையா? நன்றாகத் தேடுங்கள். அந்தப் பெண் எந்தக் கதவுப் பக்கம் நடந்தாள் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. அவள் அப்பாவுக்கும் தோன்றவில்லை.